போக ஒன்று, வர ஒன்று

பகலெல்லாம் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துவிட்டு, மாலைக் கல்லூரியில் இயற்பியல் படிக்கிறவளுக்கு வகுப்பில் வைத்த பெயர் ‘அட்டவணை’. தூக்கத்துக்குக்கூடக் கட்டம் போடுவாள். இந்த வாரக் கட்டங்களைக் கூட்டினால் ஒரு நாளைக்கு இருபத்தாறு மணி நேரம் வந்தது. மூன்று முறை கூட்டியும் அதேதான்.

வெள்ளிக்கிழமை, மாலை ஆறரை மணி. எட்டுக்குள் ரெக்கார்டு நோட்டில் ஆய்வக மேடம் கையெழுத்துப் போடாவிட்டால் செய்முறைத் தேர்வுக்கு உட்கார முடியாது. ஒன்பது சோதனைகள் முடிந்தாயிற்று. கடைசியாக ஊசல். புவியீர்ப்பு முடுக்கம் ஒன்பது புள்ளி எட்டு வர வேண்டிய இடத்தில் முப்பத்தொன்பதரை வந்து உட்கார்ந்திருந்தது.

“எனக்குக் கணக்கே வராதுண்ணே. மத்த ஒன்பதும் தப்பாத்தான் இருக்கும். எல்லாத்தையும் முதல்லேருந்து செய்யணும்” என்றாள்.

சோதனையில் அவளுக்குக் கூட்டாளி, மகளோடு போட்டி போட்டுப் படிக்க வந்த பஸ் டிரைவர்.

“முப்பத்தொன்பதரையா? அப்ப நாம எல்லாம் நாலு மடங்கு வெயிட்டு. அதான் என் பஸ்ஸு மேடு ஏற மாட்டேங்குது!”

நாலு மடங்கு. அவள் பேனா நின்றது. ஓர் அலைவுக்கு ஆகும் நேரம் பாதியானால் விடை நாலு மடங்காகும்.

“அண்ணே, நான் கடிகாரத்தைப் பார்த்தேன். இருபது அலைவு எண்ணுனது நீங்கதானே? எண்ணிக் காட்டுங்க.”

அவர் குண்டை இழுத்து விட்டார். அது அந்தப் பக்கம் போனது. “ஒண்ணு.” திரும்பி வந்தது. “ரெண்டு.”

“அய்யோ! போயிட்டு வந்தாத்தாண்ணே ஒண்ணு!”

“அதெப்படிம்மா? எங்க டிப்போல போனா ஒரு ட்ரிப்பு, வந்தா ஒரு ட்ரிப்பு. பதினெட்டு வருசமா அப்படித்தான்.”

அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. நேரங்கள் சரி, இருபது என்று எழுதிய அலைவுகள்தான் உண்மையில் பத்து. ஒரு கோடு அடித்து, பத்து என்று திருத்தி, காரணத்தையும் கீழே எழுதினாள். அவர் கால்குலேட்டரைத் தட்டத் தட்ட, ஒன்பது புள்ளி எட்டு ஏழு வந்தது.

எட்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் மேடம் திருத்தக் குறிப்பைப் படித்தார்.

“‘எண்ணியவர் பஸ் ஓட்டுநர்.’ இது ஒரு பிழைக் காரணமா?”

“ஆமா மேடம்” என்றார் டிரைவரே பெருமையாக. மேடம் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

படியிறங்கும்போது அவள் நோட்டிலிருந்து அட்டவணை நழுவி விழுந்தது. டிரைவர் எடுத்துப் பார்த்தார்.

“ஏம்மா, பஸ் பயணம் ரெண்டு மணி. அதுக்குக் கீழயே பஸ்ல படிப்பு ரெண்டு மணி. பஸ்ல உக்காந்துதானே படிக்கிற?”

அவள் அட்டவணையை வாங்கி மறுபடி கூட்டினாள். இருபத்தாறில் இரண்டு போனால் இருபத்திநாலு.

“இதை எண்ணுனது யாரு?” என்றார் டிரைவர்.