ஆற்றுப் பக்கம் போகும்போது நாற்பது கிலோ

நாகராஜின் கேரவன் அடையாற்றை நோக்கிப் போகும்போது நாற்பது கிலோ இருந்தது. ஆற்றுக்கு முதுகைக் காட்டித் திரும்பும்போது இரண்டாயிரத்து முந்நூறு கிலோ இருந்தது. புதுப்பேட்டையில் பழைய இரும்பு நிறுக்கிற எடைமேடையில், எட்டுப் பேர் சுற்றி நின்று பார்க்க, வண்டியை இப்படியும் அப்படியும் திருப்பி நிறுத்தி எடை பார்த்திருக்கிறார்கள். நடுவில் ஓர் ஆணிகூட ஏற்றவில்லை, இறக்கவில்லை. குறுக்கு வாட்டில் நிறுத்தினால் எழுநூற்று நாற்பது கிலோ. அதுதான் அதன் சொந்த எடை என்று பேசி முடிவு செய்துகொண்டு, டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

சினிமாக்காரர்களின் கேரவன் என்றால் தானே ஓடுகிற பெரிய பஸ் என்று நினைப்போம். இது அது இல்லை. இன்னொரு வண்டியின் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப் போகிற பழைய வகை. இரண்டே சக்கரம், ஒரு கதவு, மூன்று ஜன்னல், உள்ளே படுக்க ஒரு பலகை, முகம் பார்க்க ஒரு கண்ணாடி. வடபழனியில் ஒரு படக் கம்பெனியில் இருபத்தாறு வருடம் டிரைவராக இருந்த நாகராஜுக்கு, கம்பெனியை மூடுகிற அன்று முதலாளி இதைக் காட்டி, எடுத்துக்கொண்டு போ என்றார். எடுத்துப் போவது எதை வைத்து? நாகராஜிடம் இருந்தது ஒரு பழைய மாருதி எண்ணூறு. புதுப்பேட்டையில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் ஷரீஃப் காரின் அடியில் குனிந்து பார்த்துவிட்டு வெளியே வந்தார். "முப்பத்தேழு குதிரைன்னு எழுதிக்கீறான். அதுல பாதிக் குதிரை கெழடு தட்டிப் போச்சு மச்சி. இத்த வெச்சுக்கினு அத்த இஸ்துடுவியா?" என்றார். "இஸ்துடும் பாய்" என்றான் நாகராஜ். "இஸ்துடும், இஸ்துடும். வண்டி இல்ல, உன் உசுரு." இப்படித் திட்டிக்கொண்டே கொக்கியைப் பற்றவைத்துக் கொடுத்தார். பாரத்தைப் பின்பக்கம் வைக்காதே, வால் ஆடும். மூக்குப் பக்கம் கொஞ்சம் கூடுதலாக வை. பாலம் ஏறுகையில் முதல் கியரை விடாதே. இறங்குகையில் பிரேக்கை நம்பாதே. சின்னக் கார் பெரிய வண்டியை இழுப்பதற்கு இவ்வளவுதான் சாஸ்திரம். அன்று வடபழனியிலிருந்து பெரும்பாக்கம் வரை கேரவன் சாதாரணமாகத்தான் வந்தது, மூச்சிரைத்துக்கொண்டு, மற்ற வண்டிகளின் ஹாரனை வாங்கிக்கொண்டு.

பெரும்பாக்கத்தில் ஏழாவது மாடியிலிருந்து இறங்கி வந்து பார்த்தாள் அவன் மனைவி தேவானை. கதவு இருந்தது, ஜன்னல் இருந்தது, மேலே கூரை இருந்தது. மறுபடி மாடி ஏறிப் போய் மண்ணெண்ணெய் ஸ்டவ்வையும் அரை லிட்டர் பாலையும் கொண்டுவந்து, கேரவனுக்குள் கிழக்குப் பார்த்து வைத்துப் பொங்க விட்டாள். விஷயம் கேள்விப்பட்டதும் ஷரீஃப் தலையில் அடித்துக்கொண்டார். "வண்டின்னா சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வெப்பாங்க. பாலையாம்மா காச்சுவாங்க? இனிமே அது வூடு. வூடு எங்கியாச்சும் நவுருமா?" அதற்கு தேவானை சொன்னாள்: "வூடு வேணும்னுதான் பாய் காச்சினேன்."

அவளுக்கு வீடு எதற்கு என்றால், அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். கோட்டூர்புரம் பாலத்துக்குக் கீழே ஆற்றை ஒட்டி இருந்த வரிசை வீடுகளில் பன்னிரண்டாவது அவர்களுடையது. ஒரே பிள்ளை மதிவாணன். தி.நகரில் பார்த்த வேலையை விட்டுவிட்டு, இருபத்திரண்டு வயதில், நாள் முழுக்க ஃபோனைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். இரண்டாயிரத்துப் பதினைந்து நவம்பரில் ஒரு காலை, தொடர்ந்து இரண்டு நாள் ஷூட்டிங் முடிந்து வந்த நாகராஜ், அந்த ஃபோனைப் பிடுங்கி ஆற்றில் வீசினான். "போ. போயி மீனு கூட பேசு. போற காலு திரும்பி இங்க வரக் கூடாது" என்றான். பையன் தண்ணீரை ஒரு நிமிடம் பார்த்தான். பாலத்தில் ஏறிப் போனான். பதினைந்து நாளில் வெள்ளம் வந்தது. பாத்திரம், பாய், ரேஷன் கார்டு, இவர்களுடைய ஃபோன் எல்லாம் போயின. மிஞ்சியது கூரைக் கம்பியில் மாட்டிக்கொண்டு நின்ற பிள்ளையின் நீலச் சட்டை ஒன்றுதான். அடுத்த வருடம் வரிசையையே இடித்து, இவர்களை லாரியில் ஏற்றிப் பெரும்பாக்கத்தில் இறக்கினார்கள். இவர்களுடைய புது நம்பர் அவனுக்குத் தெரியாது. அவன் எங்கே என்று இவர்களுக்குத் தெரியாது. அவன் திரும்பி வந்தால் பாலத்துக்குக் கீழேதான் வந்து நிற்பான். அங்கே இப்போது கம்பி வேலியும், காலையில் நடக்கிறவர்களுக்கு ஒரு பாதையும் இருந்தன. பஸ் ஏறிப் போய் அங்கே நின்று பார்க்கலாமே என்று யாராவது சொன்னால் தேவானைக்குக் கோபம் வரும். "அவன் தேடிக்கினு வர்றது வூட்ட. பஸ்ஸ்டாண்டுல நிக்கிற கெழவிய இல்ல."

ஆக, ஞாயிற்றுக்கிழமை தோறும் அந்த வீட்டை மாருதியில் கட்டி ஆற்றங்கரைக்கு இழுத்துப் போய், வேலியோரம் நிறுத்தி, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தேவானை படியில் உட்கார்ந்திருப்பாள். நாகராஜ் காரை விட்டு இறங்க மாட்டான். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி எதிரே பார்த்துக்கொண்டிருப்பான். பகல் பன்னிரண்டுக்குப் போலீஸ்காரர் வந்து, கிளம்புங்க என்பார்; கிளம்புவார்கள். பால் பொங்கிய பிறகு போன முதல் ஞாயிற்றுக்கிழமையே விஷயம் தெரிந்துபோயிற்று. போகும்போது கேரவனின் சக்கரங்கள் தரைக்கு மேலே நாலு விரற்கடை உயரத்தில் சும்மா சுற்றிக்கொண்டு வந்தன. அரை மணியில் ஆற்றங்கரை. திரும்பும்போது மத்திய கைலாஷ் வருவதற்குள் கிளட்ச் நாறியது, துரைப்பாக்கத்தில் ரேடியேட்டர் கொதித்தது, வீடு சேர ஆறு மணி நேரம் ஆயிற்று. பழைய மகாபலிபுரம் சாலையில் போகிற சைக்கிள்காரர்கள்கூட முந்திக்கொண்டு போய்த் திரும்பிப் பார்த்தார்கள்.

மற்ற நாட்களில் கேரவனை மேக்கப் ரூமாக வாடகைக்கு விட்டார்கள்; கூட்டிப் பெருக்க தேவானையும் உள்ளே உட்கார்ந்து போவாள். தி.நகர் கல்யாண மண்டபங்கள், மயிலாப்பூர் சபாக்கள். ஒரு டிசம்பரில், நாட்டியம் ஆடுகிற தன் தங்கை மகளுக்காக வண்டியைப் பேசிய ஸ்ரீனிவாசராகவன், முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் சொல்லிக் கொடுத்தவர், அது லஸ் முனையில் திரும்பியதும் காரின் பின்பக்கம் சட்டென்று தூக்கிக்கொண்டதைப் பார்த்துவிட்டார். பார்த்தவர் விடவில்லை. எடைமேடைக்கு அழைத்துப் போனவரே அவர்தான். பிறகு ஒரு மாதம் ஸ்கூட்டரில் பின்னாலேயே வந்து, சென்னை வரைபடத்தில் சிவப்புப் பென்சிலால் கோடு கோடாக இழுத்தார். கடைசியில் வரைபடத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "எல்லாக் கோடும் பாலத்துக்குக் கீழ ஒரே எடத்துல வந்து சேர்றதுப்பா. இதுக்குப் பௌதிகத்துல எடம் கெடையாது. உன் சம்சாரத்தோட மனசு அங்கயே கெடக்கு. அதைத்தான் நீ இழுத்துண்டு அலையற" என்றார். நல்ல மனுஷர், இரக்கத்தோடுதான் சொன்னார். நாகராஜ் தலையை ஆட்டினான்.

அதற்குப் பிறகு எல்லாருக்கும் காரணம் தெரிந்துவிட்டது. பாலைக் காய்ச்சியவள் அவள், உள்ளே உட்கார்ந்து வருகிறவள் அவள், பெற்றவளும் அவள். ஷரீஃப் கிளட்ச் மாற்றும்போதெல்லாம், "யம்மா, கொஞ்சம் மனச லேசா வெச்சுக்க. வண்டி தாங்கல" என்பார். தேவானையும் முயற்சி செய்யாமல் இல்லை. திரும்பும்போது பின் ஜன்னலில் உட்காராமல் மூக்குப் பக்கம் வந்து உட்கார்ந்தாள். வால் ஆடுவது நிற்கவில்லை. பின் ஜன்னலுக்குத் திரை தைத்துப் போட்டாள். ராத்திரிச் சோற்றை விட்டாள். பிள்ளை பெயரை வாயால் சொல்வதை விட்டாள். ஒருநாள் அந்த நீலச் சட்டையை எடுத்து, இரண்டாவது மாடியில் புதிதாகக் குடிவந்த பெயின்டருக்குக் கொடுத்துவிட்டாள். அதுவும் போய்விட்டால் லேசாகிவிடும் என்று நினைத்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கேரவன் ஐம்பது கிலோ கூடியிருந்தது. "நான் இன்னாய்யா பண்றது, என் பாவி மனசு கேக்கல" என்று ஜன்னல் வழியாக நாகராஜிடம் கத்தினாள். அவன் முதல் கியரில் காலை அழுத்திக்கொண்டிருந்தான்.

இப்படி ஆறு வருடம் போயிற்று. கிளட்ச் ஐந்து, ரேடியேட்டர் இரண்டு. இரண்டாயிரத்து இருபத்து நாலு அக்டோபரில் ஷரீஃப் காரின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, திட்டக்கூட இல்லை. "இன்னும் ரெண்டு ஞாயித்துக்கெழம. அதுக்கு மேல இஞ்சின் எந்திரிக்காது. இந்த மாடலுக்கு எனக்குச் சாமானும் கெடைக்கல" என்றார். அந்த இரண்டில் முதல் ஞாயிறு தேவானைக்குக் காய்ச்சல் கண்டது. எழுந்து உட்காரக்கூட முடியவில்லை. "நீ போய்ட்டு வா. கதவத் தொறந்து வெச்சுட்டு நில்லு. நான் இல்லன்னா திரும்பி வர்றதும் லேசாத்தான் இருக்கும், ஒரு மணிக்கெல்லாம் வந்துடுவே" என்று அனுப்பினாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. எல்லாரும் அப்படித்தான் நினைத்திருப்போம்.

ஒரு மணிக்கு அவன் வரவில்லை. மூன்றுக்கும் வரவில்லை. ஆறரைக்கு, வானம் மங்குகிற நேரத்தில், ஏழாவது மாடி வரை கேட்கிற மாதிரி ஒரு கார் முனகிக்கொண்டு வந்தது. தேவானை சுவரைப் பிடித்துப் பிடித்துப் படி இறங்கினாள். மாருதியின் மூக்கிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. டயர்கள் தாரில் உழுத சால் மாதிரி கோடு போட்டிருந்தன. அவள் நேரே போய்க் கேரவன் கதவைத் திறந்து பார்த்தாள்.

"உள்ள யாரு வந்தா?"

"யாரும் வர்ல."

"இன்னா ஏத்திக்கினு வந்தே?"

"ஒண்ணும் ஏத்தல."

அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். "அப்போ இத்தினி வருசமும் நான் இல்ல" என்றாள். நாகராஜ் சட்டை நுனியால் முகத்தைத் துடைத்தான். "ஏன்யா, ஆறு வருசமா ஒரு வேள சோறு துன்றேன். அவன் பேர வாயில எடுக்கல. பாக்குறவனெல்லாம் எனக்குப் புத்தி சொல்றான். நீ பாட்டுக்கு கல்லு மாதிரி குந்திக்கினு ஓட்டிக்கினு இருந்தே. உனுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"சட்டய குடுத்தியே, அப்போ. மறுநாளே போயி அந்த பெயின்டர்கிட்ட திருப்பிக் கேட்டேன். ஊருக்கு அனுப்பிட்டேன்னான். அந்த ஞாயித்துக்கெழமதான் அம்பது கிலோ ஏறிச்சு."

"ஏன் சொல்லல?"

"இன்னான்னு சொல்ல? தொரத்தினவன் நான். நான் போயி அவன நெனச்சுக்கினு கீறேன்னு சொன்னா, நீ சிரிக்க மாட்டே?"

அவள் சிரிக்கவில்லை. ஐந்து நாள் அவனோடு பேசவும் இல்லை. ஆறாம் நாள் ராத்திரி இரண்டு தட்டில் சோறு போட்டாள். அதற்கடுத்த நாள்தான் ஷரீஃப் சொன்ன கடைசி ஞாயிறு. தேவானை கேரவனுக்குள் ஏறாமல், காரின் முன் கதவைத் திறந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். பின்னால் காலி கேரவன் நாலு விரற்கடை உயரத்தில் மிதந்து வந்தது. ஆற்றங்கரையில் வேலியோரம் நிறுத்தியதும், "எறங்கு" என்றாள்.

"நான் எதுக்கு?"

"எறங்குய்யா. எறங்கிக் கூப்புடு."

"யார?"

"யார போவச் சொன்னியோ அவன."

நாகராஜ் இறங்கினான். அந்த மண்ணில் அவன் கால் வைத்து எட்டு வருடம் ஆகியிருந்தது. பன்னிரண்டாவது வீடு இருந்த இடம் எது என்று கண்ணால் எண்ணிப் பார்த்து, அதற்கு நேரே வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றான். மூச்சை இழுத்துக் கூப்பிட்டான். ஷூட்டிங் நடக்கிற தெருக்களில் கூட்டத்தை விலக்கிப் பழகிய தொண்டை அது. "டேய் மதி! வூட்டுக்கு வாடா!" நடந்துகொண்டிருந்தவர்கள் நின்று பார்த்தார்கள். தண்ணீரில் நின்ற கொக்குகள் எழும்பி அக்கரைக்குப் போயின. நடைபாதைக் காவலாளி ஓடிவந்து, "பெரியவரே, இங்க கத்தக் கூடாது" என்றார். "எம் புள்ளயக் கூப்புடுறேன்" என்றான் நாகராஜ். காவலாளி சற்று யோசித்து, "சரி, கூப்புடுங்க" என்று தள்ளி நின்றுகொண்டார். மூன்று தரம் கூப்பிட்டான். யாரும் வரவில்லை. பன்னிரண்டு மணிக்குப் போலீஸ்காரர் வந்தார். உள்ளே யாரும் இல்லாததை எட்டிப் பார்த்து, தேவானையே தன் கையால் கேரவன் கதவைச் சாத்தித் தாழிட்டாள். இருவரும் காரில் ஏறினார்கள்.

நாகராஜ் முதல் கியரைப் போட்டு, வழக்கம் போல முதுகை சீட்டில் ஊன்றிக்கொண்டு கிளட்சை விட்டான். கார் துள்ளிக்கொண்டு கிளம்பியது. இரண்டாவது போட்டான். மத்திய கைலாஷில் மூன்றாவது. "கொக்கி கழண்டுக்கிச்சா பாரு" என்றான். தேவானை தலையை வெளியே நீட்டிப் பார்த்தாள். கேரவன் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது, சக்கரம் தரையில் படாமல். "கழலல. நீ ஓட்டு" என்றாள். துரைப்பாக்கத்தில் நான்காவது கியர். அந்தச் சாலையில், அந்தத் திசையில், அவன் நான்காவது கியர் போட்டது அதுதான் முதல் தரம். பன்னிரண்டு ஐம்பதுக்கு வீடு வந்துவிட்டது.

தாழை நீக்கிக் கதவைத் திறந்தபோது பலகைமேல் மதிவாணன் தூங்கிக்கொண்டிருந்தான். முழங்காலை மடக்கிக்கொண்டு, சுவர்ப் பக்கம் முகத்தை வைத்து, சின்ன வயதில் படுக்கிற மாதிரியே. முப்பத்தொரு வயதுக்குக் காதோரம் நரை அதிகம். எங்கிருந்து வந்தான், எப்போது ஏறினான் என்று பிறகு பலர் கேட்டார்கள். காவலாளி, தான் அங்கேயேதான் நின்றதாகவும் ஓர் ஆளும் ஏறவில்லை என்றும் சொன்னார். ஸ்ரீனிவாசராகவன் வரைபடத்தை மறுபடி பிரிக்கவில்லை. "வந்துட்டானோல்லியோ, விடு" என்றார். பக்கத்து வீட்டுக்காரர்களிடம் தேவானை, வேலைக்குப் போயிருந்தான், வந்துவிட்டான் என்றாள். அதோடு பேச்சு முடிந்தது.

எழுப்பாதே என்று அவள் சொல்வதற்குள் அவனே கண்ணைத் திறந்துவிட்டான். இரண்டு பேரையும் பார்த்தான். வெளியே வந்து நின்று கட்டிடத்தை அண்ணாந்து பார்த்தான்.

"எத்தினியாவது மாடி?"

"ஏழு" என்றான் நாகராஜ். "கரண்ட்டு இல்ல. லிஃப்டு ஓடாது."

"பரவால்ல நைனா. நடக்கலாம்."

தேவானை உலை வைக்க வேண்டும் என்று முன்னால் விறுவிறுவென்று ஏறிப் போனாள். மூன்றாவது மாடித் திருப்பத்தில் நாகராஜுக்கு மூச்சு முட்டியது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். மதிவாணன் ஒரு படி கீழே நின்று, அப்பன் முதுகில் இரண்டு கையையும் வைத்து, மெல்லத் தள்ளிக்கொண்டே ஏறினான்.