இடப்பக்கத்துக் கார்

உரும்பிராய்ச் சந்தியில் எவரைக் கேட்டாலும், வாகீசனைப் போல ஆமை வேகத்தில் கார் ஓடுகிறவன் ஊரிலேயே இல்லை என்றுதான் சொல்வார்கள். மலேசியப் பந்தயத் திடலில் மற்றக் கார்களோடு கதவுக்குக் கதவு உரசிக்கொண்டு பறக்கிறவன், ஊருக்கு வந்தால் வெங்காய லொறிக்குப் பின்னால் பொறுமையாகப் போவான். பெடியள் பகிடி பண்ணுவார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான். போன வருடம் பந்தயத்தில் அவன் கார் புரண்டு தலையில் அடிபட்ட பிறகு அந்த மெதுவான ஓட்டத்தைப் பார்க்கக் கஜந்தினிக்கு நிம்மதியாக இருந்தது. புருசனுக்குப் புத்தி வந்துவிட்டதாக நினைத்தாள், பேதை.

அன்று பின்னேரம் இருவரும் நெல்லியடிக்குப் புறப்பட்டார்கள். அங்கே தாய்வீட்டில் அவளுடைய தம்பி ஜெயசுதன் பயணப்பெட்டியோடு காத்திருந்தான். அவனும் பந்தய ஓட்டுநர். தன் பந்தய அணியில் வாதாடி, இந்த வருடம் அதன் இரண்டாவது காரை அவனுக்குப் பெற்றுக்கொடுத்தவன் வாகீசன்தான். "அத்தான் இல்லாட்டி நான் இப்பவும் சுன்னாகத்துக் கராச்சிலைதான்" என்று அவன் சொல்லாத நாளில்லை. ஞாயிற்றுக்கிழமை பருவத்தின் முதல் போட்டி. மச்சான்மார் இருவரும் ஒன்றாகக் கொழும்புக்குப் போய் விமானம் ஏறுவதாக ஏற்பாடு.

நீர்வேலியில், இடப்பக்கத்து ஒழுங்கையிலிருந்து ஒரு மனுசி சைக்கிளில் வாழைக்குலையோடு வீதிக்கு இறங்கினாள். கஜந்தினி கண்டாள். அவனும் கண்டிருப்பான், இப்போது பிறேக் பிடிப்பான் என்று இருந்தாள். அவன் கால் அசையவில்லை.

"சைக்கிள்."

கார் குலுங்கி நின்றது. மனுசி வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டுப் போனாள்.

"கண்டனான்" என்றான் வாகீசன்.

"கண்டால் ஏன் பிடிக்கேல்லை?"

"பிடிச்சனான்தானே. நீர் சும்மா பயந்து சாகிறீர்."

அதற்குப் பிறகு அவள் கண்ணை வீதியின் இடப்பக்கத்திலிருந்து எடுக்கவில்லை. 

வலிகாமத்து வீதிகளில் கோயிலைக் கடக்கும்போது ஒரு கையை எடுத்து நெஞ்சில் வைக்காத சாரதியைக் காண்பது அரிது. பஸ்காரர் என்ன, ஓட்டோக்காரர் என்ன, வாகீசனும் அப்படித்தான். ஒவ்வொரு கோயிலுக்கும் கை தானாக எழும். புத்தூர் தாண்டியதும் இடப்பக்கம் வேம்படியில் முன்பு ஒரு வைரவர் சூலம் இருந்தது. அவன் மலேசியாவில் பயிற்சியில் இருந்த நாட்களில் வீதியை அகலிக்க வந்தவர்கள் வேம்பைத் தறித்து, வைரவரை வீதிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். வேம்பு நின்ற இடத்தில் இப்போது ஒரு கல்லுக்குவியல் மட்டும் கிடந்தது.

அவ்விடம் வந்ததும் வாகீசன் கையை எடுத்து நெஞ்சில் வைத்து, பக்தியோடு கல்லுக்குவியலைக் கும்பிட்டான்.

வைரவர் அங்கே இல்லாததை அவன் காணவேயில்லை என்று கஜந்தினிக்கு உறைத்தது. அவள் தன் வலக்கையை மெதுவாகத் தூக்கி, அவனுடைய இடக்கன்னத்துக்கு அருகில் விரல்களை விரித்துப் பிடித்தாள். கையை ஆட்டியும் பார்த்தாள். அவன் முன்னால் பார்த்தபடியே இருந்தான்.

"என்ன, சத்தத்தையே காணேல்லை?" என்று கேட்டான்.

வல்லைவெளி வரும்வரை அவள் அழுகையை அடக்கிக்கொண்டாள். வெளியில் காற்று காரை ஒரு பக்கமாகத் தள்ளியது.

"நிப்பாட்டுங்கோ."

அவன் கரையில் நிறுத்தினான். அவள் முகத்தைப் பார்த்ததும் எஞ்சினையும் அணைத்தான்.

"எவ்வளவு நாளா?"

அவன் மறைக்கப் பார்க்கவில்லை. களைத்துப்போனவன் போலச் சொன்னான்.

"கார் பிரண்ட நாளிலை இருந்து. ரெண்டு கண்ணிலையும் இடப்பாதி போட்டுது. நேரை இருக்கிறது வடிவாத் தெரியும். இடப்பக்கம் இருட்டுக்கூட இல்லை கஜா. ஒண்டுமே இல்லை."

"பிறகு டொக்டர் எப்பிடி ஓட விட்டவர்?"

"எழுத்தை எல்லாம் வாசிச்சன். விரலை ஆட்டிக் காட்டேக்கை கண்ணைக் கள்ளமாத் திருப்பினனான். அவர் கவனிக்கேல்லை."

"போட்டியிலை இடப்பக்கம் ஒருத்தன் வந்தால்?"

 அவன் ஸ்டியரிங்கைத் தடவியபடி சொன்னான்.

"அந்தப் பக்கம் சுதன் நிப்பான். அதுதான் அணியின்ரை திட்டம். நான் கேட்டு வைச்ச திட்டம். என்ரை கதவோடை ஒட்டி வருவான், வேறை ஒருத்தனும் உள்ளுக்கு வர ஏலாது. நான் திரும்பினா அவன் விலகித் தருவான். அவன் என்னை இடிக்க மாட்டான்."

"நீங்கள் அவனை இடிச்சால்?"

 தம்பியின் சந்தோசமும் "அத்தான் அத்தான்" என்ற அவன் வாயும் நினைவுக்கு வர, அவளுக்கு இந்த மனிதனை அறைய வேண்டும் போல இருந்தது.

"சரி" என்றான் அவன். "சுதன் எனக்குக் கிட்ட வராமல் ஓடட்டும். நான் சொல்லி மாத்துறன். உமக்கு அது காணும்தானே?"

காணும், அது போதும் என்று சொல்ல வாய்வரை வந்துவிட்டது. தம்பி தப்பினான் என்று நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சிகூட இறங்கியது.

"அப்ப அந்தப் பக்கம் ஆர் வருவினம்?"

"ஆரோ."

அந்த ஒரு சொல்லில் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

"சொல்லிப்போடுங்கோ. சுதனுக்கும் அணிக்கும். இல்லாட்டி நான் சொல்லுவன்."

"சொன்னால் இண்டையோடை எல்லாம் முடிஞ்சுது. கார் ஓடுறதை விட்டா நான் ஆர் கஜா?"  அவள் அவன் கையைப் பிடித்தாள். இரக்கமாகத்தான் இருந்தது. சொன்னதை மட்டும் திருப்பி எடுக்கவில்லை.

அவளுக்குக் கார் ஓடத் தெரியாது. மிச்ச வழிக்கு அவளே அவனுக்கு இடப்பக்கமானாள். "ஆடு." "சைக்கிள், பெட்டை ஒண்டு." "மதில், வலப்பக்கம் எடுங்கோ." அவன் ஒவ்வொரு சொல்லுக்கும் கீழ்ப்படிந்தான். இப்படியே காலம் முழுக்கச் சொல்லிக்கொண்டு போகலாமே என்று ஒரு கிறுக்கு ஆசைகூட வந்தது. ஆனால் பந்தயக் காரில் இன்னொரு ஆளுக்கு இருக்கை இல்லை.

நெல்லியடியில் கார் நின்றதும் நிற்காததுமாக ஜெயசுதன் கேற்றடியிலிருந்து ஓடிவந்து, அக்காவின் கதவைத் திறந்தான்.

"அத்தான், முதல் வளைவை எத்தினை தரம் வீடியோவிலை பாத்தனான் தெரியுமே? உங்கடை கதவை விட்டு விலகமாட்டன்."

வாகீசன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தான்.

"சுதன், நீ எனக்குப் பக்கத்திலை ஓடவேண்டாம்."

தம்பியின் முகம் வாடியது. "ஏன்? நான் என்ன பிழை விட்டனான்?"

  கஜந்தினி காத்திருந்தாள். அவன் சொல்லவேண்டும், தன் வாயால் சொன்னால் அவனுக்கு அந்த மரியாதையாவது மிஞ்சும் என்று வேண்டிக்கொண்டாள். கடைசியில் அவளேதான் சொன்னாள்.

"தம்பி, அத்தானுக்கு இடப்பக்கம் கண் தெரியாது. அடிபட்ட நாளிலை இருந்து தெரியாது."

ஜெயசுதன் சிரித்தான். அக்கா சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினான். பயிற்சியில் நாள் முழுக்க "இடப்பக்கத்தை விடாதை, அது உன்ரை இடம்" என்று காதுக்குள் கேட்ட அத்தானின் குரலை அவன் நினைத்திருக்கவேண்டும். கதவைப் பிடித்திருந்த கை நழுவியது.

"அப்ப எனக்குக் கார் கேட்டு வாங்கித் தந்தது... நான் நல்லா ஓடுறன் எண்டில்லையோ, அத்தான்?"

ஜெயசுதன் இடப்பக்கம் நின்றான். அவனைக் காண வாகீசன் தலையை மட்டுமல்ல, தோளையும் சேர்த்து முழுதாகத் திருப்பவேண்டியிருந்தது. திருப்பி, மைத்துனன் முகத்தைப் பார்த்துச் சொன்னான்.

"இல்லைத் தம்பி. என்ரை இடப்பக்கத்துக்காகத்தான்."