ஓரம் விடாத தாள்

ஆஸ்பத்திரியின் ரெக்கார்டு ரூமில் ஃபைல் கட்டுகிறவளுக்குப் புருஷன் போய்ச் சேர்ந்து மாதங்கள் ஆகியும் ஆள் போனபாடில்லை. தினமும் அறையைப் பூட்டுகிற நேரத்துக்குச் சரியாக அவள் மேசை முன்னால் வந்து நிற்பான்.

"என் தாளைக் கட்டிட்டியா?"

அவன் ஃபைலின் கடைசித் தாள், உயிர் பிரிந்ததை டாக்டர் எழுதிக் கொடுத்தது, உதிரியாக அவள் டிராயரில் கிடந்தது. அந்த மகராசன் ஓரமே விடாமல் எழுதித் தொலைத்திருந்தார். துளை போட்டால் எழுத்து போய்விடும். அதற்கென்ன, இடது பக்கம் பட்டையாக ஒரு காகிதத்தை ஒட்டி, காய்ந்ததும் அந்தப் பட்டையில் துளையிட்டு டேக் கயிற்றில் கோத்தால் முடிந்தது கதை. ஊரார் ஃபைலுக்கெல்லாம் அப்படித்தான் செய்தாள். இவனுக்கு மட்டும் மனசு வரவில்லை. கோத்துவிட்டால் போயே போய்விடுவானே!

"பசை காயலைங்க" என்பாள். மறுநாள், "கயிறு தீர்ந்துபோச்சுங்க."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். கால் கடுக்குதுடி."

"செத்தவருக்கு என்ன கால் கடுப்பு?" என்று கேலி செய்தாள். அவன் சிரிக்கவில்லை.

ஒருநாள் அவள் சாப்பிட்டுத் திரும்புவதற்குள், பக்கத்து மேசைக்காரி, எதிலும் அவசரப்பட்டு 'புயல்' என்று பேர் வாங்கியவள், இவள் டிராயரை ஒழித்து வைத்திருந்தாள். "உனக்கு மனக்கஷ்டம்னு நானே அண்ணன் தாளைக் கட்டிட்டேன்க்கா."

பட்டையும் இல்லை, ஒன்றும் இல்லை. எழுத்தின் மேலேயே துளை.

சாயங்காலம் வந்தான். உதடு அசைந்தது, குரல் வரவில்லை. தொண்டையில் வட்டமாக ஓர் ஓட்டை. அதன் வழியே பின்னாலிருந்த அலமாரி தெரிந்தது.

"ஐயோ, நான் பாவி! அன்னைக்கே கட்டியிருந்தா இந்தக் கதி வந்திருக்குமா?"

பஞ்சிங் மிஷினின் வயிற்றைத் திறந்து மேசையில் கொட்டினாள். வெள்ளைப் பொட்டுகளைக் கிளறிக் கிளறி, நீல மை பட்டவற்றைப் பொறுக்கினாள். கயிற்றை அவிழ்த்துத் தாளை நோகாமல் எடுத்து, எழுத்தோடு சேர்ந்த பொட்டைத் துளையில் பொருத்தி, பின்னால் மெல்லிய காகிதம் ஒட்டினாள். ஓரத்துக்குப் பட்டை. வாயால் ஊதி ஊதிக் காயவைத்தாள். அவன் நின்றுகொண்டே இருந்தான். பட்டையில் துளையிட்டு, கோத்து, முடிச்சை இறுக்கினாள்.

"கட்டிட்டேங்க."

"போறேம்மா" என்றான். குரல் திரும்பியிருந்தது. கல்யாணமான நாளிலிருந்து, "போயிட்டு வரேன்" என்று சொல்லாமல் ஒருநாளும் வாசலைத் தாண்டாதவன்.