வலப்பக்க மட்கார்டு

காலையில் உப்பளத்து வேலை நன்றாகவே முடிந்தது. மத்தியானம் வந்த சிக்கலுக்கு அதுதான் காரணம்.

மரக்காணத்தில் தை பிறந்ததும் உப்புப் பாத்திகளைச் செப்பனிடத் தொடங்கிவிடுவார்கள். மழைநீர் வடிந்த பாத்தியில் சேறு மேடும் பள்ளமுமாகக் கிடக்கும். டிராக்டரின் பின்னால் பிளேடு மாட்டி அதை வழித்து, வாய்க்கால் பக்கம் லேசாகச் சாய்வு விட வேண்டும். எந்தக் கருவியானாலும் டிராக்டரில் மூன்று இடத்தில்தான் மாட்டும்: கீழே இரு பக்கமும் இரண்டு ஆர்ம், மேலே நடுவில் ஒரு டாப் லிங்க். வலது ஆர்மைத் தாங்கும் தண்டில் ஒரு ஹேண்டில் உண்டு. அதைச் சுற்றினால் அந்தப் பக்கம் மட்டும் ஏறும், இறங்கும். அளத்துச் சாய்வுக்கு வலது பக்கத்தை நன்றாகத் தாழ்த்திக்கொள்வார்கள்.

அந்த ஹேண்டிலைச் சுற்ற இரண்டு கைகளிலும் பிடிமானம் வேண்டும். டிராக்டர் ஓட்டும் காசிலிங்கத்துக்கு இப்போது அது இல்லை. ஆடி மாதம் ஒரு விடியற்காலையில் பக்கவாதம் வந்தது. கால் திரும்பிவிட்டது, பேச்சு திரும்பிவிட்டது. வலது கை மட்டும் பாதி வழியில் நின்றுவிட்டது. மணிக்கட்டால் லிவரைத் தள்ளுவார். விரல்களால் எதையும் இறுக்கிப் பிடிக்க முடியாது. ஓட்டலாம் என்று டாக்டர் சொன்னதும் ஸ்டியரிங்கில் ஒரு குமிழ் பொருத்தி, இடது கையால் திருப்பப் பழகிக்கொண்டார். வெளியில் போனால் வலது கையின் மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார்.

எந்த உதவியும் கேட்கமாட்டார். அதுதான் அவருடைய மனைவி மலர்கொடிக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. சட்டைப் பொத்தானை ஒரு கையால் போட்டுக்கொண்டு, ஒன்று மாறி ஒன்றில் மாட்டி, அப்படியே வந்து நிற்பார். அவள் பார்க்காத மாதிரி இருந்துவிடுவாள்.

அன்று காலை அளத்து மேஸ்திரி ராஜவேல், "எறங்காதீங்கண்ணே, உக்காருங்க" என்று ஓடி வந்து தானே ஹேண்டிலைச் சுற்றிப் பிளேடைச் சாய்த்துக் கொடுத்தான். காசிலிங்கம் இறங்கவே இல்லை. வேலை முடிந்ததும் சாய்வை யாரும் திருப்பி வைக்கவில்லை.

அடுத்தது பிரம்மதேசத்தில் குப்பம்மாளின் நிலம். தர்பூசணி போடக் கலப்பை ஓட்ட வேண்டும். ஆடிக்குப் பிறகு உழவுக்கென்று அவரைக் கூப்பிட்ட முதல் ஆள் அவள்தான். அந்த ஊரில் குப்பம்மாள் ஒரு வண்டியைக் கூப்பிட்டால் மற்றவர்களும் கூப்பிடுவார்கள். அவள் வேண்டாமென்றால் வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூட வேண்டியதுதான். இது காசிலிங்கத்துக்கும் தெரியும், மலர்கொடிக்கும் தெரியும். இருவரும் அதைப் பேசிக்கொள்ளவில்லை.

பிளேடைக் கழற்றிக் கலப்பை மாட்ட வழியில் வீட்டில் நிறுத்தினார்கள். மலர்கொடி சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது பிளேடு கீழே கிடந்தது. கலப்பை டிராக்டரில் ஏறியிருந்தது. மூன்று இடத்திலும் பின் மாட்டியாகிவிட்டது.

"நீங்களே மாட்டிட்டீங்களா?"

"பின்ன? பக்கத்து ஊட்டுக்காரனா வந்து மாட்டுவான்?"

நெற்றியெல்லாம் வியர்வை. ஆனால் அந்த முகத்தில் இருந்த வெளிச்சத்தை அவள் ஆடிக்குப் பிறகு பார்த்ததில்லை. அவர்கள் வாசல் ஒரு பக்கம் சரிந்த வாசல். கலப்பை அந்தச் சரிவிலேயே கிடந்ததால், தாழ்ந்திருந்த வலது ஆர்மில் அது சுலபமாகப் பொருந்திவிட்டது. ஹேண்டிலைத் தொடாமலே வேலை முடிந்ததில் அவருக்குச் சந்தோஷம். எப்போதும் போல இடப்பக்க மட்கார்டில் ஏறி உட்கார்ந்த மலர்கொடி, வழி முழுக்கப் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு வந்தாள்.

குப்பம்மாள் மோட்டார் கொட்டகை அருகே ஹோஸ் பைப்போடு நின்றிருந்தாள். அளத்திலிருந்து வரும் எந்த வண்டியையும் கழுவாமல் அந்தப் பக்கத்து நிலங்களில் இறக்கமாட்டார்கள்.

"நில்லுப்பா காசி! அளத்துச் சேத்தோட அப்படியே எறங்கிடுவியா?"

"வழியிலயே கழுவிட்டுதான்க்கா வர்றோம்" என்றாள் மலர்கொடி.

"நீ கழுவுன லட்சணம் எனக்குத் தெரியாதா?" குப்பம்மாள் டயரின் பள்ளத்தில் விரலை விட்டு நோண்டி, நாக்கில் வைத்துத் துப்பினாள். "த்தூ! இத கொழம்புல போட்டா உப்பே வாங்க வேணாம்."

இரண்டு பெண்களும் டயர், கலப்பைக் கொழு எல்லாவற்றையும் மறுபடி கழுவினார்கள். காசிலிங்கம் சீட்டில் உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் சீயக்கா போட்டுத் தேய்ங்க" என்றார். நல்ல மனநிலையில் இருந்தார்.

அந்த நிலம் பார்க்கச் செம்மணலாக இருக்கும். ஒரு சாணுக்குக் கீழே உவர்க்களி. உப்பங்கழி ஓடையை நெருங்க நெருங்கக் களி இன்னும் மேலே வரும். கொழு கொஞ்சம் ஆழமாகப் போனால் களி மேலே வந்துவிடும். அந்த இடத்தில் விதை முளைக்காது. போன வருஷம் வாடகைக்கு வந்த ஒரு வண்டிக்காரன் அப்படிச் செய்துவிட்டுப் போய்விட்டான்.

குப்பம்மாள் மோட்டாரை நிறுத்தப் போனாள். காசிலிங்கம் கலப்பையை இறக்கி முதல் சால் ஓட்டத் தொடங்கினார். மலர்கொடி வெறுங்காலோடு பின்னால் நடந்தாள்.

இடது பக்கக் கொழுக்கள் சிவப்பாக மண்ணைப் புரட்டின. வலது ஓரக் கொழு மட்டும் சாம்பல் நிறத்தில் கட்டி கட்டியாக எடுத்துப் போட்டது. அதை மிதித்ததும் காலில் சில்லென்றது. ஒரு கட்டியைக் கிள்ளி வாயில் வைத்தாள். உப்பு.

முதலில் தோன்றியது, அவற்றைக் காலால் மணலுக்குள் தள்ளிவிடலாம் என்பதுதான். இரண்டு கட்டியைத் தள்ளியும்விட்டாள். பிறகு நின்று, ஓடிப்போய், கையை ஆட்டி வண்டியை நிறுத்தினாள்.

"ஏங்க, வலப்பக்கம் ஆழமா போவுது."

"மண்ணு அங்க பொதபொதன்னு இருக்குது. அதான்."

"இல்லைங்க."

அவர் திரும்பிப் பார்த்தார். சாம்பல் கோடு வண்டியின் பின்னாலிருந்து வரப்பு வரை நீண்டிருந்தது. கலப்பை ஒரு பக்கம் தோளைச் சாய்த்த ஆள் போல நின்றது. அவருக்குப் புரிந்துவிட்டது என்பது அவளுக்கும் புரிந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

தானே போய் ஹேண்டிலைச் சுற்ற அவளுக்கு ஒரு நிமிஷம் போதும். கால் நகரவில்லை. அந்தச் சந்தோஷத்தை அவர் கையிலிருந்து பிடுங்குவது போல இருக்கும்.

அதற்குள் குப்பம்மாள் வந்துவிட்டாள். புரண்டு கிடந்த சாம்பல் கட்டிகளைப் பார்த்தாள்.

"இன்னாப்பா இது? தர்பூசணி போட கூப்புட்டா, எங்கூட்டு நெலத்துலயும் உப்பு வாரப் போறியா?"

காசிலிங்கம் துண்டை வலது கையின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டார்.

"போன வருசம் ஒருத்தன் பண்ணதே இன்னும் ஆறல. ஒடம்புக்கு முடியலன்னா முடியலன்னு சொல்லிடுப்பா. நான் ஒண்ணும் கோச்சிக்கமாட்டேன். வேற வண்டி சொல்லிக்கிறேன்." குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் இருந்தது.

காசிலிங்கம் இன்ஜினை நிறுத்தினார். துண்டை எடுத்து ஸ்டியரிங் மேல் போட்டுவிட்டு மெதுவாக இறங்கினார்.

"வண்டியில ஒண்ணும் இல்லக்கா. நான்தான் மட்டம் பாக்கல. அளத்துக்கு வெச்சத அப்படியே கொண்டாந்துட்டேன்." வலது கையை லேசாகத் தூக்கிக் காட்டினார். "ஹேண்டில் சுத்த இதுல புடிமானம் இல்ல."

பிறகு மனைவியைப் பார்க்காமல் கலப்பையைப் பார்த்தபடி சொன்னார்:

"மலரு, வந்து கொஞ்சம் சுத்திக் குடு."

அவள் சேலைத் தலைப்பை ஹேண்டிலில் சுற்றிப் பிடித்தாள். அளத்துக் காற்றில் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. உடம்பையே கொடுத்துத் திருப்ப வேண்டியிருந்தது. காசிலிங்கம் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இடது உள்ளங்கையைக் கலப்பைச் சட்டத்தில் வைத்து, ஒரு கண்ணை மூடி, அதை டிராக்டரின் அச்சோடு ஒப்பிட்டுப் பார்த்தார்.

"இன்னும். இன்னும் வா. ம், போதும். ஐயோ, போதும்னா நிறுத்தணும்! ஒரு துளி பின்னால."

"போதும்னு மொதல்லயே சொல்லணும்."

"சொன்னேனே."

"மனசுக்குள்ள சொன்னா எனக்குக் கேக்குமா?"

குப்பம்மாள் இடுப்பில் கை வைத்து நின்றாள். "இத மொதல்லயே பண்றதுக்கின்னா? கேட்டா கிரீடம் கீழ வுழுந்துடுமா?"

"வுழுந்துடுச்சிக்கா. பாத்து நட, கால்ல குத்தப் போவுது" என்றார் காசிலிங்கம்.

அவள் சிரிப்பை அடக்க முடியாமல் கொட்டகைக்குப் போய் அன்னக்கூடைகளை எடுத்து வந்தாள். மூவரும் குனிந்து சாம்பல் கட்டிகளைப் பொறுக்கி வெளிவரப்பில் கொட்டினார்கள். காசிலிங்கம் இடது கையால் பொறுக்கினார். பாதி நிறைந்த கூடையை வலது முன்கையில் மாட்டித் தூக்கிக்கொண்டு போனார். அந்தக் கையால் அது முடியும் என்பது அன்றுதான் மலர்கொடிக்குத் தெரிந்தது.

அவர் மறுபடி வண்டியில் ஏறியதும், அவள் வழக்கம்போல இடப்பக்கம் போனாள்.

"அங்க இல்ல. இந்தப் பக்கம் ஏறு."

வலப்பக்க மட்கார்டில் அவள் உட்கார்ந்ததே இல்லை. கலப்பையைத் தூக்கி இறக்கும் ஹைட்ராலிக் லிவர் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. அவர் முழங்கை இடிக்கும் என்று விலகியே இருந்தாள்.

"வரப்புகிட்ட வந்தா முழுசா தூக்கு. திரும்பினதும் எறக்கு. ஓடப் பக்கம் போவ போவ கொஞ்சம் கொஞ்சமா மேல ஏத்து. கண்ணு பின்னாலயே இருக்கட்டும். முன்னால நான் பாத்துக்கறேன்."

"தப்பா பண்ணா கத்துவீங்களா?"

"கத்துவேன்."

"நானும் கத்துவேன்."

"ஒரு வண்டிக்கு ரெண்டு டிரைவரு!" வரப்பிலிருந்து குப்பம்மாள் குரல் கொடுத்தாள். "சோத்துக்கு அரிசி கூடப் போடணும் போலயே!"

வண்டி நகர்ந்தது. மலர்கொடி லிவரை இறக்கிவிட்டு, திரும்பி உட்கார்ந்து கொழுக்களைப் பார்த்தாள். ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒரே சிவப்பு. ஓடை பக்கம் மணல் கொஞ்சம் கறுத்தபோது அவளே லிவரை ஒரு விரல் மேலே ஏற்றினாள். சிவப்பு திரும்பி வந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அப்படியென்றால் சரியாகச் செய்திருக்கிறாள்.

துண்டு இன்னும் ஸ்டியரிங் மேலேயே கிடந்தது. அவருடைய வலது கை வேலை எதுவும் இல்லாமல், வெயிலில், அவள் முழங்காலை ஒட்டி ஓய்ந்திருந்தது. அவர் கையை விலக்கிக்கொள்ளவில்லை.

வரப்பு நெருங்கியது.

"தூக்கு மலரு."

அதற்குள் தூக்கிவிட்டிருந்தாள்.