இடது கன்னம்

வலது கன்னம் தேறிவிட்டது. இடது கன்னம் அப்படியே இருந்தது.

இரண்டும் ஒரே முகத்தில் இருப்பவை. ஒரே நாளில், ஒரே கருவியால், ஒரே கையால் வேலை பார்க்கப்பட்டவை. கை என்னுடையது. முகம் என் நாத்தனாருடையது. ஆகவே விடை தெரியாமல் என்னால் வேலையிலும் நிம்மதியாக இருக்க முடியவில்லை, வீட்டிலும் இருக்க முடியவில்லை.

நான் ஒரு தோல் மருத்துவமனையில் நர்ஸ். டாக்டரம்மாவின் மேற்பார்வையில் ஊசிப்பேனா சிகிச்சை செய்வது என் பொறுப்பு. பார்க்கத் தடித்த பேனா மாதிரியேதான் இருக்கும். அதன் முனையில் பன்னிரண்டு மெல்லிய ஊசிகள். ஒவ்வொருவருக்கும் புதிய முனை மாட்டி, முடிந்ததும் கழற்றி எறிந்துவிடுவோம். பொத்தானை அழுத்தினால் பன்னிரண்டும் தையல் மெஷின் ஊசி போல மேலும் கீழும் துடிக்கும். எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும் என்பதைப் பேனாவின் கழுத்திலுள்ள வளையத்தைத் திருகி வைத்துக்கொள்ளலாம். பரு விட்டுப்போன கன்னத்துக் குழித்தழும்புக்கு நான் வைப்பது ஒன்றரை மில்லிமீட்டர்.

குத்தினால் குழி எப்படி நிரம்பும் என்று எல்லோரும் கேட்பார்கள். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி அது. நாம் குழிக்குள் எதையும் நிரப்புவதில்லை. தோலிடம் ஒரு சின்னப் பொய் சொல்கிறோம், அவ்வளவுதான்: "இங்கே காயம் பட்டிருக்கிறது, உடனே வா." தோல் அதை நம்பிப் பழுதுபார்க்க ஆட்களை அனுப்புகிறது. அவர்கள் வந்து கொலாஜன் என்னும் நாரைப் புதிதாக நெய்கிறார்கள். குழியின் தரை மெல்ல மேலே ஏறுகிறது. தோல் அவசரப்படாது. அதனால்தான் ஒரு முறைக்கும் அடுத்த முறைக்கும் ஆறு வாரம் விடுகிறோம்.

நாத்தனாருக்கு மூன்று முறை முடிந்திருந்தது. பதினெட்டு வாரம். பக்கவாட்டில் விளக்கு வைத்து எடுத்த படத்தில் வலது கன்னத்துக் குழிகளில் நிழலே விழவில்லை. இடது கன்னத்தில், காதுக்கு முன்னால் தாடையோரம், மழை பெய்து ஓய்ந்த மணல் மாதிரி பழைய குழிகள் அத்தனையும் இருந்தன.

அவள் படத்தைப் பார்த்தாள். "பாதி முகம் போதுமான்னு டிவிக்காரங்களைக் கேட்டுப் பாருங்க அண்ணி. பாதிச் செய்தியைச் சொல்லிட்டு வந்துடறேன்."

அவள் சைகைமொழி பெயர்ப்பாளர். காது கேளாதவர்களுக்காகப் பள்ளியிலும் கோர்ட்டிலும் கையால் பேசுகிறவள். டிவி செய்தியில் திரையின் மூலையில் ஒரு சின்னப் பெட்டி தெரியுமே, அதில் நின்று பேச அவளை இரண்டு வருடத்துக்கு முன்பே அழைத்தார்கள். போகவில்லை. பருத்தழும்பை மறைக்கக் கன்னத்தில் முடியை இழுத்து விட்டுக்கொள்வது அவளுக்குப் பதினாறு வயதிலிருந்து பழக்கம். டிவியில் அது நடக்காது. சைகைமொழியில் பாதி கையில் இருக்கிறது, மீதி முகத்தில் இருக்கிறது. புருவம் ஏறினால் அது கேள்வி. கன்னம் உப்பினால் ஒரு பொருள், ஒட்டினால் வேறு பொருள். முடியை முன்னால் விட்டால் வாக்கியமே பாதி மறைந்துபோகும்.

இந்த முறை மறுபடியும் அழைத்தபோது, "சரி பண்ணிடலாம், வரேன்னு சொல்லு" என்று சொல்லிக்கொடுத்தவள் நான். இப்போது சோதனைப் பதிவுக்கு நான்கு மாதம்தான் மீதி இருந்தது.

நான் விசாரணையில் இறங்கினேன். "எப்பவும் வலதுலதான் ஆரம்பிக்கிறேன். இடதுக்கு வர்றதுக்குள்ள ஊசி மழுங்கிடுதோ?"

"போன தடவையே அந்தச் சந்தேகம் வந்து இடதுலதானே ஆரம்பிச்சீங்க?"

உண்மைதான். "இடது பக்கம் படுத்துத் தூங்குறியா?"

"நான் குப்புறப் படுக்கறவ. தேஞ்சா மூக்குதான் தேயணும்."

"கையை வெச்சு நோண்டுறியா?"

"என் கை ரெண்டும் நாள் முழுக்கப் பேசிட்டே இருக்கு. நோண்ட அதுக்கு நேரம் ஏது?"

"அப்ப உன் இடது பக்கத் தோலே ஒரு தினுசு."

அவள் கண்ணாடியை மேசையில் வைத்தாள். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

சுருக்கென்றது. நாத்தனார் வாயிலிருந்து வரும்போது பழமொழிக்குக் கொஞ்சம் கூடுதல் முனை இருக்கும்.

டாக்டரம்மா இரண்டு கன்னத்தையும் விரலால் இழுத்துப் பார்த்தார். இழுத்தால் மறைகிற குழிக்கு ஊசிப்பேனா போதும். இழுத்தும் மறையாமல் அடியில் கட்டிப் பிடித்திருக்கும் குழிக்கு வேறு வைத்தியம் வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மறைந்தன.

"சில இடம் கேக்காது" என்றார் டாக்டரம்மா. "இன்னும் ஒரே ஒரு தடவை ரெண்டு பக்கமும் பண்ணிப் பாரு. அப்பவும் அசையலைன்னா நிறுத்திடலாம். பலன் இல்லாம குத்திட்டே இருக்கறது வைத்தியம் இல்ல."

நாத்தனார் காதுக்குப் பின்னால் செருகியிருந்த முடியை எடுத்து இடது கன்னத்தில் விட்டுக்கொண்டாள்.

நான்காவது முறை. மரத்துப்போகிற க்ரீமைத் தடவி முக்கால் மணி நேரம் கழித்துத் துடைத்தேன். பேனா வழுக்கிச் செல்ல ஜெல் பூசி வலது கன்னத்தை முடித்தேன். "இப்ப என் பக்கம் திரும்பு" என்றேன். அவள் தலையைத் திருப்பினாள். நான் எட்டி இடது கன்னத்தில் பேனாவை வைத்தேன். வேலை நடக்கும்போது பேசக்கூடாது, கன்னம் அசையும் என்பது என் கட்டளை. அது மற்றவர்களுக்குத்தான் தண்டனை. இவள் படுத்தபடியே இரண்டு கையையும் தூக்கிப் பேச ஆரம்பித்தாள்.

முதலில் வலது ஆள்காட்டி விரலை இடது உள்ளங்கைமேல் நேராக நிறுத்திக் காட்டினாள். பிறகு அதே விரலைச் சாய்த்துக் காட்டினாள், காற்றில் விழப்போகும் மரம் மாதிரி. கூடவே கன்னத்தை உப்பிப் புஸ், புஸ் என்று மூச்சு விட்டாள்.

நான் பேனாவை நிறுத்தினேன். "நான் குண்டுன்னு கிண்டல் பண்றியா?"

"இல்ல அண்ணி. நீங்க பண்றதைத்தான் காட்டினேன். வலது கன்னத்துக்கு நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். சுவர்ல உங்க கை நிழல் விழுந்துச்சு. பேனா இப்படி நேரா இருந்துச்சு. இடதுக்கு என் மேல எட்டிக் கவுந்துக்கறீங்க. மூச்சு வாங்குது. பேனா இப்படிச் சாயுது."

"எப்பவுமா?"

"நாலு தடவையும். உங்க ஸ்டைல்னு நெனச்சேன்."

சைகைமொழியில் கோணலைச் சொல்ல வார்த்தை வேண்டாம். விரலே கோணலாக நின்றுவிடும். பதினெட்டு வாரமாக என் வாய் கேட்ட எந்தக் கேள்விக்கும் கிடைக்காத விடையை அந்த ஒற்றை விரல் சொல்லிவிட்டது போலிருந்தது. ஆனால் போலிருந்தால் போதாது, பார்க்க வேண்டும்.

அவள் முகத்தைச் சுத்தமான ஈரத் துணியால் மூடி எழுந்து உட்காரச் சொன்னேன். அவள் தலை இருந்த இடத்தில், கழுத்துக்கு வைக்கிற உருண்டைத் தலையணையை வைத்தேன். அதன் வளைவுதான் கன்னத்தின் வளைவு. அதன்மேல் டிஷ்யூ தாள் பத்தை அடுக்கினேன். புதிய முனை மாட்டி, வளையத்தை ஒன்றரையில் வைத்து, நான் வழக்கமாக நிற்கும் இடத்திலேயே நின்று, தலையணையின் இந்தப் பக்கச் சரிவில் ஒரு முறை குத்தினேன். பிறகு எட்டி, சுவரோரச் சரிவில் ஒரு முறை.

தாள்களை ஒவ்வொன்றாக உரித்தோம். இந்தப் பக்கம் எட்டாவது தாள்வரைக்கும் பன்னிரண்டு ஓட்டையும் வட்டமாக, ஒன்று குறையாமல் இருந்தன. சுவரோரப் பக்கம் முதல் தாளிலேயே ஏழுதான். எட்டாவது தாளுக்கு மூன்று மட்டும் வந்து சேர்ந்திருந்தன, நகக்கீறல் மாதிரி ஓர் ஓரமாக. மற்றவை மேல்தாளைக் கீறிக்கொண்டு போயிருந்தன.

காரணம் எளிது. பேனாவின் வாய் தட்டையானது. தோலின்மேல் அது முழுதாக உட்கார்ந்தால் பன்னிரண்டு ஊசியும் ஒரே ஆழம் இறங்கும். சாய்ந்தால் ஓர் ஓரம் மட்டும் தோலைத் தொடும், மறு ஓரம் காற்றைக் குத்தும். வளையம் ஒன்றரை என்று சொல்லிக்கொண்டேதான் இருக்கும். அதற்குத் தெரிந்தது ஊசியின் நீளம் மட்டும், என் கையின் சாய்வு அல்ல. அவள் எவ்வளவு தலையைத் திருப்பினாலும் காதோரம் சுவரைப் பார்த்தே சரிந்திருந்தது. அந்தச் சரிவில்தான் குழிகளும் இருந்தன. வலது கன்னத்துக்கு நான் பன்னிரண்டு ஆள் அனுப்பியிருந்தேன். இடதுக்கு மூன்றே பேர்.

"சரி, அந்தப் பக்கம் போய் நின்னு பண்ணுங்க" என்றாள் அவள்.

"எங்க போய் நிக்கறது? சுவருக்குள்ளயா?"

அந்தக் கட்டில் அறையின் மூலையில் இருந்தது. தலைமாடு ஒரு சுவரில், இடப்பக்கம் இன்னொரு சுவரில். முன்பு அது குளுக்கோஸ் ஏற்றுகிற அறை. படுத்தவர் உருண்டு விழாமலிருக்க யாரோ மூலையில் ஒட்டிப் போட்டிருக்கிறார்கள். ஊசிப்பேனா வந்தபோது அறை மாறியது, வேலை மாறியது, கட்டிலை மட்டும் யாரும் தொடவில்லை. நான்கு வருடமாக நானும் அதைச் சுற்றாமல், அதன்மேல் கவிழ்ந்துகொண்டிருந்தேன். அடுப்பை நகர்த்தாமல் எட்டி எட்டிப் பின்சுவரைத் துடைக்கிறவர்களைப் பார்த்து நானே சிரித்திருக்கிறேன்.

சக்கரத்தின் பூட்டு இறுகிக் கிடந்தது. நான் காலால் உதைத்தேன். பாதி முகம் சிவந்த நாத்தனார் மறுமுனையைப் பிடித்து இழுத்தாள். கட்டில் அலறிக்கொண்டு நகர்ந்தது. சத்தம் கேட்டு டாக்டரம்மா வந்துவிட்டார்.

"என்னம்மா, வீடு மாத்தறீங்களா?"

நான் எட்டாவது தாளை அவர் கையில் கொடுத்தேன். விளக்குக்கு எதிரே தூக்கிப் பார்த்தார். ஒரு பக்கம் பன்னிரண்டு வெளிச்சப் புள்ளி, மறுபக்கம் மூன்று. வெகுநேரம் பார்த்துவிட்டுத் தாளை மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு அவரும் கட்டிலின் ஒரு காலைப் பிடித்தார்.

"அண்ணி, அன்னிக்குச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன்" என்றாள் நாத்தனார். "கூடம் நெசமாவே கோணல்தான்."

"ஆடினவளும் கொஞ்சம் கோணல்தான். படு."

புதிய முனை மாட்டினேன். வாழ்க்கையில் முதல்முறையாக அந்தக் கட்டிலின் இடப்பக்கம் போய் நின்றேன். கன்னத்தை இரண்டு விரலால் இழுத்துப் பிடித்துப் பேனாவை நேராக நிறுத்தினேன். முதுகு வளையவில்லை, மூச்சு வாங்கவில்லை. பேனா போன வழியெல்லாம் சல்லடை வைத்து எடுத்தது போலச் சீரான செம்புள்ளிகள் அரும்பின. அவள் படுத்தபடியே ஆள்காட்டி விரலை உள்ளங்கைமேல் நேராக நிறுத்திக் காட்டினாள்.

ஆறு வாரம் கழித்து எடுத்த படத்தில் இடது கன்னத்து நிழல்கள் வெளுத்திருந்தன. டாக்டரம்மா இடதுக்கு மட்டும் இன்னொரு முறை செய்யச் சொன்னார். செய்தேன். மறுபடி ஆறு வாரம். இப்போது எடுத்த இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது இடது, எது வலது என்று என் கணவரிடம் கேட்டேன். தங்கை முகத்தைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறவர், தவறாகச் சொன்னார். குழிகள் மாயமாகிவிடவில்லை. கிட்டப் போய்ப் பார்த்தால் தெரியும். நிழல் தங்குகிற ஆழம்தான் அவற்றில் இல்லை. முகத்தில் தழும்பு என்று நம் கண்ணுக்குத் தெரிவது பெரும்பாலும் அந்த நிழல்தான்.

சோதனைப் பதிவுக்கு அவள் முடியை முழுக்கப் பின்னால் இழுத்து இறுக்கிக் கட்டிக்கொண்டு போனாள். அன்றைக்கே எடுத்துக்கொண்டார்கள்.

முதல் செய்தியன்று வீட்டில் எல்லோரும் டிவிக்கு அரை அடியில் உட்கார்ந்திருந்தோம். மூலையில் அந்தச் சின்னப் பெட்டி. அதில் அவள். வெள்ளம் என்றாள், கன்னம் உப்பியது. வடிந்துவிட்டது என்றாள், கன்னம் ஒட்டியது. இரண்டு கன்னமும் விளக்கு வெளிச்சத்தில் பேசின.

"செய்தி வாசிக்கிறவரைக் கொஞ்சம் ஓரமா நிக்கச் சொல்லக் கூடாதா?" என்றார் என் கணவர். "அந்த ஆளு எவ்ளோ இடத்தை அடைச்சிட்டு இருக்கார்."

மறுநாள் காலை டாக்டரம்மா வெள்ளைக் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, தானே வந்து கட்டிலில் படுத்தார். அது இப்போது அறையின் நடுவே, நான்கு பக்கமும் இரண்டடி இடம் விட்டு நிற்கிறது.

"கண்ணோரச் சுருக்கம்" என்றார். "இத்தனை நாள் அனுபவம்னு சொல்லிச் சமாளிச்சுட்டேன். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வரணும். எப்படிப் பண்ணப் போற, சொல்லு."

"கண்ணோரத்துல தோல் மெலிசு, அதனால ஆழத்தைக் குறைச்சு வெக்கறேன். இடது கண்ணுக்கு இடது பக்கம் நிப்பேன், வலது கண்ணுக்கு வலது பக்கம் நிப்பேன். பேனா சாயக் கூடாது டாக்டர், நான்தான் சுத்தி வரணும்."