புளி போட்டுத் தேய்த்த ராணி

வெள்ளிக்கிழமை காலையில் குத்துவிளக்கைத் தேய்த்த கையோடு, புருஷன் கண்ணுச்சாமி சேர்த்து வைத்திருந்த விக்டோரியா ராணி ரூபாய்களையும் புளியும் பாத்திரப் பவுடரும் போட்டுத் தேய்த்துவிட்டாள் அன்னக்கொடி. மொத்தம் ஏழு. மறுநாள் மதுரையில் நாணயச் சங்கத்தின் கண்காட்சி. கண்ணுச்சாமிக்கு முதல் முறையாக ஒரு மேஜை கொடுத்திருந்தார்கள். நாலு பேர் வந்து பார்க்கிற இடத்தில் கறுத்துப்போன காசை வைத்தால், வீட்டுக்காரி என்னத்துக்கு இருக்கிறாள் என்று கேட்க மாட்டார்களா? அந்த நல்ல எண்ணம்தான் வினையாகப் போனது.

கண்ணுச்சாமி பரவை மார்க்கெட்டில் கமிஷன் கடையில் வேலை பார்ப்பவர். பீடி, சீட்டு எதுவும் கிடையாது. இருபத்திரண்டு வருஷமாக இந்தக் காசுப் பைத்தியம் மட்டும்தான். வருஷா வருஷம் மேஜை கேட்டு எழுதிப் போடுவார். வருஷா வருஷம் 'அடுத்த தடவை பார்ப்போம்' என்று பதில் வரும். இந்த வருஷம் கிடைத்ததும் திருப்பரங்குன்றம் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தார்.

சாயங்காலம் வீடு திரும்பியவர், தட்டில் பளபளவென்று கிடந்த ஏழு ராணிகளையும் பார்த்தார். கத்தியிருந்தால் அன்னக்கொடி பதிலுக்குக் கத்தியிருப்பாள். அதில் அவள் கெட்டிக்காரி. அவர் கத்தவில்லை. சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார்.

"ஏங்க, நல்லாத்தானே இருக்கு?"

"தேச்ச காச வைக்கக் கூடாதுன்னு சங்கத்துல சட்டம், அன்னம். போச்சு. நான் நாளைக்குப் போகல."

"கறை போனா காசுக்கு என்ன கேடு?"

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் காகித உறையை எடுத்தார். எட்டாவது ராணி. கூட வேலை பார்க்கும் நல்லகாமனிடம் காட்டிப் பெருமையடிக்கக் காலையிலேயே எடுத்துப் போயிருந்ததால் தப்பியிருந்தது.

"இது கறையா? ஜன்னல்கிட்டப் போயி சாய்ச்சுப் பாரு."

வேண்டாவெறுப்பாகத்தான் வாங்கினாள். விளிம்பில் நீலம், உள்ளே வர வரக் கருஞ்சிவப்பு, ராணியின் கன்னத்தில் மட்டும் பழைய வெள்ளி. இந்தப் பக்கம் சாய்த்தால் பச்சை ஓடியது, அந்தப் பக்கம் சாய்த்தால் ஊதா. அன்னக்கொடி பதினாறு வருஷமாக மாசி வீதியில் பட்டுப்புடவைக் கடையில் விற்பனைக்கு நிற்பவள். மயில்கழுத்துப் புடவையை வெளிச்சத்தில் விரித்து, அப்படியும் இப்படியும் அசைத்துக் காட்டி, வந்தவர்களைக் கிறங்கடிப்பதே அவள் பிழைப்பு. அதே நிறம் ஒரு ரூபாயில் கிடந்திருக்கிறது, அது அவள் கண்ணில் படவேயில்லை.

"நூத்தம்பது வருஷம் காத்துப் பட்டு ஏறுன நிறம். பட்டுப்புடவையப் புளி போட்டுத் துவைப்பியா நீ?" என்றார் கண்ணுச்சாமி. குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளைக் கொன்றது. அவருடைய லென்ஸை வாங்கித் தேய்த்த காசுகளைப் பார்த்தாள். பூராவும் கோடு கோடாகக் கீறல். ஏழிலும் ஏழு விதமாக நிறம் இருந்திருக்கும். அடுப்புப் பக்கமே போகாமல் உட்கார்ந்து அழுதாள்.

அழுது முடித்ததும் செல்போனை எடுத்துச் சங்கத் தலைவர் இன்பசேகரனைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னாள். மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். சட்டம் என்றால் சட்டம்.

"ஒரே காசுக்கு ஒரு மேஜை எப்படிம்மா தர்றது? மேஜை கெடைக்காம பத்துப் பேர் நிக்கிறாங்க."

"ஒன்னு இல்ல சார், எட்டு. ஏழு நான் கெடுத்தது. அன்னக்கொடி கெடுத்ததுன்னு பேர் போட்டே வைங்க. பக்கத்துலயே கெடாதது ஒன்னு. வாரவுக ரெண்டையும் பாக்கட்டும். எங்க வீட்டுக்காரரு நிக்கலைன்னா நான் நிக்கிறேன்."

அந்தப் பக்கம் சட்டப் புத்தகத்தைப் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"விக்கக் கூடாது. தேச்சதுன்னு பெருசா எழுதணும்," என்றார் கடைசியில்.

சனிக்கிழமை கடைக்கு லீவு சொல்லிவிட்டு, முரண்டு பிடித்த புருஷனை இழுத்துக்கொண்டு போனாள். அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்தாள்: 'இவை ஏழும் தேய்க்கப்பட்டவை. தேய்த்தவர் அன்னக்கொடி.' கண்ணுச்சாமி தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். அவளுக்கும் கூச்சம்தான், ஆனால் வாய் சும்மா இருக்குமா? வந்தவர்கள் முதலில் பளபளப்பைப் பார்த்தார்கள், அட்டையைப் படித்துச் சிரித்தார்கள், பிறகு எட்டாவது காசின் முன்னால் நின்றுவிட்டார்கள். "கொஞ்சம் சாஞ்சு பாருங்க... இன்னும் எடது பக்கமா... இப்பத் தெரியுதா?" என்று புடவை காட்டுகிற அதே தோரணையில் காட்டினாள். மத்தியானத்துக்குள் அந்த மேஜையில்தான் கூட்டம்.

மூன்று மணிவாக்கில் கீழக்குயில்குடியிலிருந்து மாயக்காள் என்றொருத்தி வந்தாள். மஞ்சப்பையிலிருந்து கறுத்த ரூபாய் ஒன்றை எடுத்தாள்.

"யக்கா, அம்மா பெட்டியில துணியில முடிஞ்சு கெடந்துச்சு. இப்படியே காட்ட வெக்கமா இருக்கு. வீட்டுக்குப் போயித் தேச்சுக் கொண்டாரவா?"

"ஆத்தாடி! தேச்சுக்கீச்சுப் புடாத!"

அவள் போட்ட சத்தத்தில் கண்ணுச்சாமி தூணை விட்டு ஓடி வந்தார். அதற்குள் அன்னக்கொடி காசை விளிம்பில் பிடித்து வெளிச்சத்தில் சாய்த்திருந்தாள்.

"நம்மளது மாதிரி நீலம் இல்லைங்க. பொன்னு நிறம், ஓரத்துல செம்பு. ஆனா ஒரு எடத்துலகூடத் திட்டு இல்லாம ஒன்னுபோல ஏறியிருக்கு. கண்ண எடுக்க முடியல."

கண்ணுச்சாமி லென்ஸ் வைத்துப் பார்த்தார். அவள் சொன்னதில் கூட்டவோ குறைக்கவோ ஒரு வார்த்தையும் இருக்கவில்லை.

"அப்பத் தேய்க்க வேணாமா?" என்றாள் மாயக்காள்.

"தேச்சா என் அட்டையில ஒன் பேரையும் எழுத வேண்டியதுதான்."

கூட்டம் சிரித்தது. கண்ணுச்சாமியும் சிரித்தார். நேற்றிலிருந்து அந்தச் சிரிப்புக்காகத்தான் அவள் இம்புட்டுப் பாடும் பட்டாள்.

சாயங்காலம் இன்பசேகரன் நோட்டோடு வந்தார். "அடுத்த வருஷமும் இந்த மேஜை உங்களுக்குத்தான். கண்ணுச்சாமின்னே போட்டுக்கவா?"

"ரெண்டு பேர் பேரையும் போடுங்க சார்," என்றார் கண்ணுச்சாமி.

"அட, அவங்கதானே கெடுத்தது!"

"இருவத்திரெண்டு வருஷமா ஊருக்கெல்லாம் காட்டுனேன், சார். இவகிட்ட ஒரு தடவை காட்டியிருந்தா ஏழும் பொழைச்சிருக்கும்."