ஒனெலியாவுக்குக் கொடுத்த ஈற்றடி

ஞாயிற்றுக்கிழமை மதியம் பாட்டுப் போட்டிக்குக் கிளம்பும்போது என் அக்கா ஒனெலியா தலையில் துணி கட்டவில்லை. சுருட்டை முடியை அப்படியே விட்டுவிட்டாள். அது மழைமேகம்போல அவள் முகத்தைச் சுற்றி எழுந்து நின்றது.

"வேணும்னேதான் பண்றியா?" என்று கேட்டேன்.

"வேற யாரு முடிய மாட்டிக்கிட்டு வரச் சொல்ற?" என்றாள்.

எங்கள் ஊரில் ஆண்டுக்கு ஒருமுறை இந்தப் போட்டி நடக்கும். கூட்டத்தில் யாராவது எழுந்து ஓர் ஈற்றடி கொடுப்பார்கள். பாடுகிறவர் நின்ற இடத்திலேயே ஒன்பது அடிகளைக் கட்டி, பத்தாவதாக அந்த அடியில் வந்து இறங்க வேண்டும். எதிராளிக்கும் அதே அடிதான். ஜெயிக்கிறவர் மத்தான்சாஸ் நகரத்து வானொலியில் எங்கள் ஊருக்காகப் பாடுவார். இதுவரை போனவர்கள் எல்லாரும் பனையோலைத் தொப்பி வைத்த வெள்ளைத்தோல் விவசாயிகள். பத்தடிப் பாட்டு அவர்கள் சொத்து, மேளம் கறுப்பர்களான எங்கள் சொத்து என்று யாரோ என்றைக்கோ பாகம் பிரித்து வைத்துவிட்டார்கள். எங்கள் அப்பா மேளக்காரர்தான். ஆனாலும் அந்தப் பாகப்பிரிவினையை ஒனெலியா ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் கறுப்பு அவரை வெந்துகொண்டிருக்கும்போதே அவள் வாய் அடிகளை முணுமுணுத்துக்கொண்டிருக்கும்.

நான் லாவுத் வாசிக்கிறவள். ஊரில் அந்தக் கம்பி வாத்தியம் வாசிக்க வேறு ஆள் இல்லாததால் இரண்டு பக்கத்துக்கும் நான்தான். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் ஒரு சுற்று வாசிப்பேன். அதற்குள் பாடகர் யோசித்துக்கொள்ள வேண்டும். அடி பிடிபடவில்லையென்றால் என்னிடம் கண்ணைக் காட்டுவார், இன்னொரு சுற்று வாசிப்பேன். அதில் தப்பில்லை. ஆனால் ஊர் கவனிக்கும்.

கடைசிவரை வந்தவர்கள் இரண்டு பேர். ஒனெலியாவும், பன்றி வளர்க்கிற எல்பிடியோவும். எல்பிடியோவுக்கு நல்ல குரல். பனை, ஆறு, மனைவியின் கண் என்று எதைக் கொடுத்தாலும் வழுக்கிக்கொண்டு போவார். இரண்டு பேரும் சமமாகவே நின்றார்கள். நடுவராக இருந்த ஆசிரியை கடைசி ஈற்றடியைக் கேட்டார்.

கறிக்கடை ரிகோபெர்த்தோ எழுந்தார். கையில் ரம் குவளை. கண் ஒனெலியாவின் தலைமேல்.

"சீப்புத்தான் ஒடிஞ்சு போச்சு," என்றார்.

கூட்டம் சிரித்தது. எல்பிடியோவும் சிரித்தார். எனக்கு அம்மாவின் இரும்புச் சீப்பு ஞாபகம் வந்தது. அதை அடுப்பில் காய்ச்சி, எண்ணெய் தடவிய எங்கள் முடியை அவள் இழுத்து இழுத்து நேராக்குவாள். ஞாயிறுதோறும் வீடு கருகிய வாடை அடிக்கும். என் காதோரத்தில் அது சுட்ட தழும்பு இன்னும் இருக்கிறது.

நடுவரின் முகம் மாறிவிட்டது. "வேற அடி கேக்கலாம்மா. உனக்கு உரிமை இருக்கு," என்றார்.

"எதுக்குங்க? அளவு சரியா இருக்கே. அண்ணன் கறிதான் குறைச்சு நிறுப்பாரு. அடிய நிறையத்தான் குடுத்திருக்காரு," என்றாள் ஒனெலியா.

நான் வாசிக்க ஆரம்பித்தேன். அவள் கேட்காவிட்டாலும் இரண்டு சுற்று, முடிந்தால் மூன்று சுற்று கொடுத்துவிடுவது என்று நினைத்திருந்தேன். அவள் என்னைப் பார்த்துத் தலையை அசைத்தாள். வேண்டாம். முதல் சுற்று முடிவதற்குள்ளேயே குரலெடுத்தாள்.

"கடலைத் தாண்டிக் கொண்டுவந்தார்,
கழுத்தில் இரும்பைப் பூட்டிவைத்தார்,
பேரைப் பிடுங்கித் தூர எறிந்தார்,
பேசும் மொழியை மறக்கவைத்தார்.
முதுகு வளைந்தது கரும்புக் காட்டில்,
முடி பணியவில்லை எந்த நாளும்.
சவுக்கும் அடித்துச் சலித்துப் போச்சு,
சங்கிலி துருவாய் உதிர்ந்து போச்சு,
நேராக்க வந்த கை ஓய்ஞ்சு போச்சு,
சீப்புத்தான் ஒடிஞ்சு போச்சு."

தாளக்கட்டை தட்டிக்கொண்டிருந்த என் தம்பி தட்டுவதை விட்டுவிட்டான். பிறகு பின்வரிசையில் எங்கள் தெருப் பெண்கள் பெஞ்சு கவிழ எழுந்தார்கள். "அப்படிச் சொல்லுடி என் கறுப்பி," என்றாள் துணி துவைக்கிற எமெலினா. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. நான் ரிகோபெர்த்தோவைப் பார்த்தேன். அவர் குவளைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்து எல்பிடியோ அதே அடியில் முடிக்க வேண்டும். அப்போதுதான் ஊருக்கு உறைத்தது. அந்தத் தொப்பிக்குக் கீழே எல்பிடியோவுக்கு ஒற்றை முடி கிடையாது.

"எல்பிடியோ அண்ணே, உங்க சீப்பு எப்படி ஒடிஞ்சுதுன்னு கொஞ்சம் சொல்லுங்க," என்று எமெலினா கத்தினாள்.

இந்தத் தடவை சிரிப்பு கூரையைத் தூக்கியது. எல்பிடியோ என்னிடம் கண்ணைக் காட்டினார். இன்னொரு சுற்று வாசித்தேன். மறுபடி காட்டினார். மறுபடி வாசித்தேன். எனக்கு அவசரமே இல்லை. கடைசியில் மனைவி கூந்தல் என்று ஆரம்பித்து ஆறு அடி போனார், ஏழாவதில் நின்றுவிட்டார். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. தொப்பியைக் கழற்றி வழுக்கையைத் துடைத்துக்கொண்டார்.

"ரிகோபெர்த்தோ, கத்திய அவங்களுக்குன்னு ஓங்கினே, என் கழுத்துல போட்டுட்டியேடா," என்றார். பிறகு நடுவர் பக்கம் திரும்பி, "நானும் சேந்துதான் சிரிச்சேன், எனக்கு இது வேணும். அவங்களே போகட்டும்," என்றார்.

நடுவர் மைக்கை வாங்கினார். "வானொலியில நம்ம ஊருக்காகப் பாடப் போறது, மேளக்காரர் வீட்டுப் பொண்ணு ஒனெலியா," என்று அறிவித்தார்.

ஒனெலியா மைக்கின் பக்கம் குனிந்தாள். "மேளக்காரர் வீட்டுப் பொண்ணுதான். பத்தடி கட்டுற கறுப்புப் பொம்பளைன்னும் சேத்துச் சொல்லுங்க டீச்சர். அங்கயும் அப்படியே சொல்லச் சொல்லுங்க. வானொலியில மூஞ்சி தெரியாதுல்ல."